வெட்சியை வேலியிலேயே விட்டு வையுங்கள்



நம் சங்கக் கட்டடத்தின் முன்புறத்தையும் தெற்குப் பக்கத்தையும் சீர்செய்து, வண்டிகள் நிறுத்துவதற்கு இன்டர்லாக் கட்டைகள் பதிப்பதென்றும், மதிலோரம் மண்டிக் கிடக்கும் காட்டுச் செடிகளை அகற்றிவிட்டு நர்சரியிலிருந்து அழகுச் செடிகள் வாங்கி வைப்பதென்றும் செயற்குழு தீர்மானித்திருப்பதை எல்லோரும் அறிவீர்கள். செயற்குழுவில் இருப்பவர்கள் என் நண்பர்கள். சொந்த வேலையை விட்டுவிட்டுச் சங்கத்துக்காக அலைகிறவர்கள். அவர்கள் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் தீர்மானத்தின் பிற்பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைப் பொதுக்குழு கூடுவதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. மேடையில் எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. தலைவர் மணி அடித்துவிடுவார்.

காட்டுச் செடிகள் என்று தீர்மானத்தில் குறிப்பிட்டிருப்பது எதை என்று நேரில் போய்ப் பார்த்தேன். தெற்கு மதிலை ஒட்டி, டேப் வைத்து அளந்ததில் 22 மீட்டர் நீளத்துக்கு, ஆள் உயரத்துக்கு நெருக்கமாக நிற்கிறது ஒரு புதர். நடுவே இரண்டு கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி. மற்றதெல்லாம் ஒரே செடி. மலையாளத்தில் தெச்சி, இந்தப் பக்கத்தில் சிலர் வாயில் செத்தி. நம் ஊர்களில் விருட்சிப்பூ என்பார்கள், பிள்ளைகள் இட்லிப்பூ என்பார்கள். புலவர்கள் அதை வெட்சி என்றார்கள்.

ஆம், வெட்சிதான். ஆண்டுவிழாவில் பட்டிமன்றம் வைத்துப் புறத்திணை பேசுகிறோமே, அந்த வெட்சி நம் மதிலோரத்தில் நிற்கிறது. அதைப் பிடுங்குவதற்கு ஜே.சி.பி.க்குச் சொல்லியாகிவிட்டது.

தமிழாசிரியர்கள் இருக்கும் சங்கத்தில் ரயில்வேக்காரன் இலக்கணம் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியம் புறத்திணை ஏழு என்கிறது. அதில் முதலாவது வெட்சி. பகைவர் நாட்டு ஆநிரைகளைக் கவர்ந்து வருவதுதான் போரின் தொடக்கம். அதற்குப் புறப்படும் வீரர் சூடும் பூ வெட்சி. குறிஞ்சிக்குப் புறமாக வெட்சியை வைத்தார்கள். மலையும் காடும் சார்ந்த பூ என்பதால் அது பொருத்தம்தான். முருகனுக்கும் அது உகந்த பூ. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன அல்லவா, அவற்றில் ஒன்றில் ‘ஆகோள்’ என்ற சொல் இருக்கிறது. தொல்காப்பியம் வெட்சியைச் சொல்லும் இடத்தில் ஆளும் அதே சொல். ஆக, வெட்சிப் போர் ஏட்டில் மட்டும் நடந்ததல்ல; அதில் செத்தவனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள்.

புறப்பொருள் வெண்பாமாலையின் முதல் படலமும் வெட்சிப் படலம்தான். அதை எழுதிய ஐயனாரிதனார் சேரர் குலத்தவர் என்பது மரபு. கேரள மண்ணில் வாழும் தமிழர்களாகிய நாம் இந்தச் செய்தியைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

வெட்சிக்கு நிகண்டுகளில் செச்சை என்றொரு பெயரும் உண்டு. செச்சை, செத்தி, தெச்சி என்று மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். நம்மவர்கள் பழைய பெயரை ஏட்டில் பூட்டி வைத்துவிட்டு இட்லிக்குப் போய்விட்டோம். பக்கத்து வீட்டு மலையாளி அம்மூம்மா இன்றைக்கும் விடியற்காலையில் கூடையோடு வந்து ‘தெச்சிப்பூ எடுத்தோட்டே?’ என்று கேட்கிறார்.

இன்னொன்றும் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. புறத்திணைப் பூக்களில் தும்பையும் ஒன்று. இரு படைகளும் நேருக்கு நேர் நின்று மோதும்போது சூடுவது. அந்தத் தும்பையும் இந்த வெட்சியும் கேரளத்து ஓணப் பூக்களத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. வெள்ளைக்குத் தும்பை, சிவப்புக்குத் தெச்சி. நம் முன்னோர் தலையில் சூடிக்கொண்டு வெட்டி மடிந்த பூக்களை இங்கே சின்னக் குழந்தைகள் வாசலில் வட்டமாக அடுக்குகிறார்கள். சில வருடங்களாகப் பூக்களத்துக்கு எல்லாமே கடையில் வாங்குவதாகிவிட்டது. மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி நம் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருகிறது. வியாபாரம் நடக்கட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். இருந்தாலும் வேலியில் பூத்து நிற்பதை விட்டுவிட்டுக் கிலோ கணக்கில் வாங்குவானேன்?

நிற்க. செடியைப் பற்றி.

வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்ததல்ல. மரங்களுக்குக் கீழே, காட்டோரத்தில், வெட்டுக்கல் மேட்டில், காவுகளில் தானாக வளரும் புதர். காவு என்றால் கோயிலைச் சேர்ந்து வெட்டாமல் விட்ட காடு. நம் ஊர் ஐயனார் கோயில் காடுகளைப் போல. பெரும்பாவூர் பக்கத்திலிருக்கும் இரிங்ஙோல் காவைப் பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். ஆலுவாவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம் கூட இல்லை. ஏறக்குறைய 50 ஏக்கர் காடு, நடுவில் பகவதி கோயில். அங்கே ஒரு சுள்ளியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

குடும்பத்தால் இது காப்பியின் உறவு. இலைகள் எதிரெதிராக இருக்கும். பூ நீண்ட குழல், நுனியில் நான்கு இதழ். பறித்து நடுநரம்பை மெல்ல இழுத்தால் நுனியில் ஒரு சொட்டுத் தேன் வரும். சிறு வயதில் அதை உறிஞ்சாதவர்கள் நம்மில் யாராவது உண்டா? ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ இருக்கும். ஆனால் மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனியில், அதாவது ஆலுவா மணற்புறத்தில் சிவராத்திரிக்குக் கடை போடுகிற நாட்களில், புதர் முழுக்கச் சிவந்துவிடும். தேன்சிட்டு வரும். கையகலத்துக்குக் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சி வரும். அந்தக் குழலின் அடிவரை எட்டுகிற நாக்கு அவற்றுக்குத்தான் இருக்கிறது.

பூ உதிர்ந்த பிறகு காய். பச்சையிலிருந்து சிவப்பு, பிறகு கருஞ்சிவப்பு. பட்டாணி அளவு. உள்ளே இரண்டு கொட்டைகள், காப்பிக்கொட்டையைப் போல ஒரு பக்கம் தட்டை. பழத்தைத் தின்னலாம், லேசான இனிப்பும் துவர்ப்புமாக இருக்கும். கொண்டைக்குருவிகள் விடாது. எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் விடுவதில்லை என்று எழுத ஆசை. இப்போது அவர்கள் வேனில் வருகிறார்கள், வேன் வேலி பக்கத்தில் நிற்பதில்லை.

இந்தப் பழம்தான் விஷயமே. நர்சரியில் நமக்குக் கொடுக்கப் போவதும் ‘தெச்சி’ என்ற பெயரில்தான். சீனத் தெச்சி, மினி தெச்சி என்று பாலிதீன் பையில் வரிசையாக வைத்திருப்பார்கள். சிவப்பு, மஞ்சள், ரோஸ், வெள்ளை எல்லாம் கிடைக்கும். முழங்காலுக்கு மேல் வளராது, கத்தரித்தால் பெட்டி மாதிரி நிற்கும். ஓட்டல்களின் முன்னாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலிலும் பார்க்கிறோம். அழகாக இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெரு முனையில் இப்படி ஒரு வரிசையை ஆறு வருடமாகக் கவனித்து வருகிறேன். ஒரே ஒரு பழம் வைத்து நான் பார்த்ததில்லை. இந்த மினி வகைகள் பெரும்பாலும் ஒட்டுக் கலப்பினங்கள். பதியன் போட்டும் கிளை நறுக்கியும்தான் பெருக்குகிறார்கள். பழம் இல்லாத இடத்துக்குக் குருவி எதற்கு வரும்?

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். நம் வெட்சியின் இதழ் நுனி கூராக இருக்கும். சீனத்து இனத்தில் நுனி உருண்டை. நம்முடையதில் இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். இலையின் அடிப்பகுதி இதய வடிவில் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வரும்போது மதிலோரம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு உள்ளே வாருங்கள். முசுறு எறும்பு இருக்கும், கையை ஜாக்கிரதையாக வையுங்கள்.

இந்தச் செடிக்கு நம் கொச்சியோடு தனிச் சொந்தம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது.

போர்ச்சுக்கீசியர்களிடமிருந்து 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் இங்கே ஒரு கமாண்டரை வைத்திருந்தார்கள். 1670-களில் அந்தப் பதவியில் இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மிளகு வாங்க வந்த கம்பெனியின் அதிகாரி. ஆனால் மனிதருக்குச் செடிகொடிகள் மேல் ஒரு பித்து. மலபார்க் கரையின் தாவரங்களையெல்லாம் ஆள் விட்டுக் கொண்டுவரச் செய்து, படம் வரையச் செய்து, அவற்றின் குணங்களை இங்கே இருந்த வைத்தியர்களிடம் கேட்டு எழுதச் செய்தார். அதுதான் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சாயிற்று. 700-க்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் உண்டு.

அந்த நூலுக்கு உயிர் கொடுத்தவர் சேர்த்தலைப் பக்கத்தைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். பரம்பரையாகத் தன் குடும்பம் வைத்திருந்த ஏட்டையும் அறிவையும் அவர் கொடுத்தார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்று கொச்சியில் இருந்த மூன்று கொங்கணி வைத்தியர்களும் உதவினார்கள். இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20-ஆம் தேதியிட்டுத் தந்த சான்றிதழ் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. எழுத்து எது தெரியுமா? கோலெழுத்து. நம் வட்டெழுத்தின் கிளை.

இரண்டாம் தொகுதி 1679-இல் வந்தது. அதில் நம் செடியின் படம் இருக்கிறது. பெயர் ‘செத்தி’ என்றே லத்தீன் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்த படம் ‘வெண்செத்தி’, வெள்ளைப் பூ பூப்பது. இந்தியாவுக்கே வராத ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் நம் மலபார்த் தாவரங்கள் பலவற்றைத் தெரிந்துகொண்டது இந்த நூலின் வழியாகத்தான். 1753-இல் அவர் வெளியிட்ட நூலில் வெட்சிக்கு இக்ஸோரா காக்சினியா என்று பெயர். காக்சினியா என்றால் சிவப்பு. இக்ஸோரா என்பது நம் ஈஸ்வரன்தான். போர்ச்சுக்கீசியர் வாயில் நுழைந்து அப்படி ஆனது என்கிறார்கள். மணற்புறத்துச் சிவராத்திரிக்குப் பூக்கிற செடிக்கு உலகமெங்கும் ஈஸ்வரன் பெயர் இருப்பது எனக்குத் திருப்தியாக இருக்கிறது.

லத்தீனில் இருந்த அந்த 12 தொகுதிகளையும் பல ஆண்டுகள் உழைத்து மொழிபெயர்த்தவர் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ்.மணிலால். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் வெளியிட்டது. தமிழில் வர வேண்டும் என்று நம் சங்கம் ஒரு தீர்மானம் போடலாம். தீர்மானம் போடுவதில் நாம் சளைத்தவர்கள் அல்ல.

ரீட் இங்கே இருந்த காலத்துக்கும் நமக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கம் தோபிகானா இருக்கிறதே, அங்கே இன்றும் வெளுக்கிற நம் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுப் படைவீரர்களின் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டவர்கள் என்பார்கள். மட்டாஞ்சேரியில் செட்டியார், ஐயர், வாணியர் என்று தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களை நமக்குத் தெரியும். ஆக நாமும் இங்கே நேற்று வந்தவர்கள் அல்ல. ஆனால் நம் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது அந்த வேலி.

இனி, என் தொழில் சம்பந்தமாக இரண்டு வார்த்தை.

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் பெர்மனன்ட் வே பிரிவில் சேர்ந்து, திருவனந்தபுரம் டிவிஷனில் பெரும்பகுதி காலம் தண்டவாளமும் கட்டிங்கும் பார்த்தவன். கேரளத்தில் ரயில் பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். இரண்டாம் எதிரியும் தண்ணீர். ஷொறணூர் – கொச்சிப் பாதை 1902-இல் மீட்டர் கேஜில் போட்ட பாதை. அந்தக் காலத்து இன்ஜினியர்கள் கட்டிங் சரிவுகளில் என்ன முளைக்கிறதோ அதை முளைக்க விட்டார்கள். மழைக்காலத்துக்கு முன் கேங்மேன்களைக் கொண்டு டிரெய்ன் சுத்தம் செய்யும்போது, சரிவின் மேல் விளிம்பில் இருக்கும் புதரைத் தொடாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார் ஒரு வயதான மேஸ்திரி. மேலே வெட்டினால் கீழே அள்ள வேண்டும் என்பார். மண்வெட்டியோடு முப்பது வருடம் நின்று கற்ற பாடம்.

நம் சங்க மனை தெற்கே சரிகிறது. மதிலுக்கு அப்பால் நாலடி பள்ளத்தில் பக்கத்து வீட்டுக் கிணறு. அந்த மதில் அஸ்திவாரமில்லாத வெட்டுக்கல் மதில், வயது எப்படியும் அறுபது இருக்கும். அது சாயாமல் நிற்பதற்கு வெட்சியின் வேர் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. வேரோடு பிடுங்க ஜே.சி.பி. விடுகிற நாளன்று மதிலையும் கட்டுவதற்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் ஒன்று போடுவோம். 10 சென்ட் என்பது ஏறக்குறைய 405 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் (இடவப்பாதியில் இது அதிசயமல்ல) அந்தப் பரப்பில் விழும் தண்ணீர் 40,000 லிட்டருக்கு மேல். அதாவது நாலு பெரிய டாங்கர் லாரி. மண்ணாக இருந்தால் ஒரு பங்கு உள்ளே இறங்கும். முழுக்க இன்டர்லாக் போட்டு இடுக்கில் சிமென்ட் பூசிவிட்டால் கிட்டத்தட்ட மொத்தமும் தெற்கே ஓடும், அந்தக் கிணற்று வீட்டை நோக்கி. மார்ச், ஏப்ரலில் நம் கிணறு வற்றிவிட்டது என்று நாமே டாங்கருக்குச் சொல்லி அனுப்புவோம்.

2018 ஆகஸ்டை ஆலுவாக்காரர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பெரியாறு ஊருக்குள் வந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. நம் வளாகத்தில் மூன்று நாள் இடுப்பளவு நீர். வடிந்த பிறகு மேஜை, நாற்காலி, நூலகத்துப் புத்தகங்கள் என்று சேற்றோடு அள்ளிப் போட்டோம். வாசலில் தொட்டியில் வைத்திருந்த அழகுச் செடிகளும் அதோடு போயின. வெட்சி இலையெல்லாம் சேறு பூசி நின்றது. துலாம் மாதத்தில் தளிர்த்தது. அந்த வருடம் மாசியில் அது பூத்தபோது தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கீழே கறையும் மேலே பூவுமாக இருந்ததைப் பார்த்தவர்கள் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள்.

இன்னொரு தொழில் நுணுக்கம். வெட்சி இனத்துக்குப் புளிப்புத் தன்மை உள்ள மண் வேண்டும். நம் வெட்டுக்கல் மண் அப்படிப்பட்டது. இந்தக் கல்லுக்கு லாட்டரைட் என்று ஆங்கிலப் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1807-இல் வந்த அவர் நூலில்தான் அந்தச் சொல் முதலில் வருகிறது. அவர் இந்தக் கல்லைப் பார்த்த இடம் ஷொறணூர் – நிலம்பூர் லைனில் இருக்கும் அங்காடிப்புரம். அங்கே அதற்கு நினைவுச் சின்னம் கூட இருக்கிறது. அது போகட்டும். சிமென்டில் சுண்ணாம்பு இருக்கிறது. புதிதாகக் கான்கிரீட் போட்ட இடத்தின் ஓரத்தில் தெச்சி வைத்தால், மழையில் கரைந்து வரும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் கெடுத்துவிடும். மண்ணில் இரும்பு இருக்கும், வெட்டுக்கல் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். ஆனால் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகிவிடும். அடுக்குமாடி வாசல்களில் மஞ்சள் பாய்ந்து நிற்கும் மினி தெச்சிகளைப் பார்த்து, உரம் போதவில்லை என்று யூரியா கொட்டுகிறார்கள். கோளாறு அதில் இல்லை. ஆக, தீர்மானத்தில் சொன்னபடி இன்டர்லாக் போட்டு அதன் ஓரத்தில் நர்சரிச் செடி வைத்தால், இரண்டாம் ஆண்டுவிழாவுக்குள் அவையும் மஞ்சளாகும். பிறகு அதற்கு ஒரு தீர்மானம்.

எதிர்த்தரப்பில் சொல்லப்படுவதையும் கேட்டேன்.

பாம்பு வரும் என்கிறார்கள். இது நியாயமான பயம். குழந்தைகள் தமிழ் வகுப்புக்கு வருகிற இடம். ஆனால் பாம்பு புதருக்காக வருவதில்லை, எலிக்காக வருகிறது. மதிலோரம் உடைந்த நாற்காலி, பழைய பேனர், ஆண்டுவிழாவில் மிஞ்சிய இலைக்கட்டு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் குவித்திருக்கிறோமே, அதை முதலில் அப்புறப்படுத்தினால் எலியும் போகும். புதரின் அடிக்கிளைகளை ஓரடி உயரத்துக்கு நறுக்கிவிட்டால் கீழே எட்டிப் பார்த்துவிடலாம். வெட்சி நறுக்கினால் கோபித்துக்கொள்ளாது.

வண்டி நிறுத்த இடம் போதாது என்கிறார்கள். புதரின் அகலம் ஒன்றரை மீட்டர். அந்த இடத்தில் காரை நிறுத்தினால் கதவைத் திறக்க முடியாது. ஸ்கூட்டர்கள் வேண்டுமானால் பத்தோ பன்னிரண்டோ நிற்கும். ஆண்டில் இரண்டு நாள், பொங்கலுக்கும் ஆண்டுவிழாவுக்கும், நமக்கு இட நெருக்கடி. அந்த இரண்டு நாளுக்கும் எதிரிலிருக்கும் பள்ளி மைதானத்தைக் கேட்டால் கொடுக்கிறார்கள். சென்ற வருடமும் கொடுத்தார்கள்.

பார்ப்பதற்கு நாகரிகமாக இல்லை என்பது மூன்றாவது வாதம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நாகரிகம் அவரவர் கண்ணில் இருக்கிறது. ஆனால் நம் சங்கத்துக்கு வருகிற மலையாளி விருந்தினர் ஒருவரை அந்த மதிலோரம் நிறுத்தி, இது உங்கள் தெச்சி, எங்கள் வெட்சி, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இதைச் சூடிக்கொண்டுதான் மாடு பிடிக்கப் போனார்கள் என்று சொல்லிப் பாருங்கள். சீனத்து மினிச் செடியைக் காட்டி என்ன சொல்வது?

இலங்கையில் சிங்களவர்கள் இதை ரத்மல், சிவப்புப் பூ என்கிறார்கள். கொழும்புக்குத் தெற்கே ரத்மலானை என்று ஓர் ஊர். அந்த நாட்டு ரயில்வேயின் பெரிய ஒர்க்‌ஷாப் அங்கேதான். ஊரின் பெயரிலேயே அந்தப் பூ ஒலிப்பதைக் கேட்டபோது, ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

என் யோசனை இதுதான். முன்புறத்தில் இன்டர்லாக் போடுங்கள், அதற்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை. அடியில் கான்கிரீட் போடாமல் ஜல்லியும் மணலும் விரித்துப் போடட்டும், இடுக்கில் சிமென்ட் பூச வேண்டாம். தெற்குப் பக்கத்தை அப்படியே விடுங்கள். கட்டைக்கும் வெட்சிக்கும் நடுவே இரண்டடி வெறும் மண் இருக்கட்டும். மழை தொடங்கும் முன் ஒருமுறை, ஓணம் முடிந்து ஒருமுறை, அளவாக நறுக்கினால் போதும். அதற்கு ஆள் கூலி ஆண்டுக்கு இரண்டு நாள். நர்சரிச் செடிக்கும் அதைப் பராமரிக்கும் கான்ட்ராக்டுக்கும் ஒதுக்கியிருக்கும் தொகையைத் தமிழ் வகுப்புக் குழந்தைகளின் புத்தகத்துக்கு மாற்றிவிடலாம். முன்வாசலில் செடி வேண்டும் என்றால் அங்கேயும் வெட்சியே வைக்கலாம், பணம் செலவில்லாமல்.

அதற்கு நர்சரிக்குப் போக வேண்டியதில்லை. கருஞ்சிவப்பாகப் பழுத்த பழத்தைப் பிசைந்து கழுவி, கொட்டையைக் காயவிடாமல் உடனே ஊன்றினால் முளைக்கும், பொறுமை வேண்டும். அவசரக்காரர்கள் பென்சில் கனத்துக் கிளையை ஒரு சாண் நீளத்தில் கணுவுக்குக் கீழே நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இடவப்பாதி தொடங்கியதும் நிழலில் ஊன்றலாம். மணல் கலந்த செம்மண் போதும். சிமென்ட் மூட்டை வைத்திருந்த இடத்து மண்ணை மட்டும் எடுக்காதீர்கள்.

தெற்கு மதிலோரத்துச் செடியிலிருந்தே நறுக்கிய நாற்பது கிளைகளைப் பைகளில் ஊன்றி என் வீட்டுப் பின்கட்டில் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்று பிடித்திருக்கிறது. பொதுக்குழு என்ன முடிவு செய்தாலும் அவை அன்பர்களுக்குத்தான். வீட்டில் ஒரு முழம் மண் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.